திங்யானுக்குள் கிளம்பியாகணும்: ஒரு வில்லிஸ் ஜீப்பின் ஸ்டார்ட்டிங், கார்புரேட்டர் வேலை

பெரியப்பாவின் ஜீப்புக்கு இரண்டு வியாதிகள். காலையில் செல்ஃப் அடித்தால் முனகிக்கொண்டே அரைச் சுற்று சுற்றும், அதோடு சரி. நாலு பேர் சேர்ந்து தள்ளினால் கிளம்பி ஓடும். ஓடிச் சூடான பிறகு எங்காவது நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இரண்டாவது வியாதி. இப்போது செல்ஃப் ஓரளவு நன்றாகவே சுற்றும், எஞ்சின்தான் பிடிக்காது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

பார்த்தவரெல்லாம் சொன்னது ஒன்றே: "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடு." பழைய வண்டியில் எது கெட்டாலும் பழி அதன் தலையில்தான் விழுகிறது. ஆனால் காலையில் வரும் கோளாறும் சூட்டில் வரும் கோளாறும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு, பேட்டரியில் ஆரம்பித்து, நெருப்பு, பெட்ரோல் என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கார்புரேட்டரில் கை வைப்பது என்று முடிவு செய்தேன். இங்கே பர்மாவில் ஏப்ரல் நடுவில் திங்யான் தண்ணீர்த் திருவிழா, அதே நாட்களில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. அதற்குள் வண்டி தயாராகணும் என்பது பெரியப்பா உத்தரவு.

வண்டி 1944 வில்லிஸ் எம்பி. யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன ஜீப்புகள் பர்மாவில் தலைமுறை தலைமுறையாக ஓடின. கார் இறக்குமதி பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்ததால், இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டியிருந்தது. முக்கால்வாசிப் பேர் உள்ளே ஜப்பான் எஞ்சினை இறக்கிவிட்டார்கள். பெரியப்பா அசையவில்லை. அதே 2.2 லிட்டர் 'கோ டெவில்' எஞ்சின், 6 வோல்ட் மின்சாரம், கார்ட்டர் டபிள்யூஓ கார்புரேட்டர். இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. 1970-ல் இங்கே போக்குவரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் அதற்கப்புறம் ஜப்பானிலிருந்து வந்து இறங்கியதெல்லாம் பெரும்பாலும் வலது ஸ்டியரிங் கார்கள். இந்த ஜீப்புக்கோ இடது ஸ்டியரிங். "ரங்கூன் ரோட்டுல சரியான பக்கம் ஸ்டியரிங் இருக்கிறது என் வண்டிக்குத்தான்டா" என்று அவர் சொல்லாத ஆள் எங்கள் ஊர் சிரியத்தில் பாக்கியில்லை.

முதலில் பேட்டரி. 6 வோல்ட் வண்டியில் ஒன்றை மனதில் வைக்கணும்: 12 வோல்ட் செய்கிற அதே வேலைக்கு இதில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கேபிள் ஒல்லியாக இருந்தால், முனையில் கொஞ்சம் பச்சை பூத்திருந்தால், 12 வோல்ட் கார் சமாளித்துக்கொள்ளும். இது சமாளிக்காது. எப்போதோ யாரோ மாட்டிவிட்ட கேபிள் ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றியது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

பேட்டரியை மாற்று, ஸ்டார்ட்டரைச் சுருள் கட்டு என்று காசைக் கரைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சிவப்பு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்கணும், கேபிள் கிளாம்பில் இல்லை. கருப்பு முனை ஸ்டார்ட்டரில் கேபிள் இறங்கும் போல்ட்டில். இந்த ஜீப்பில் ஸ்டார்ட்டர் பட்டன் தரையில் இருக்கும், காலால் மிதிக்கணும். தம்பி மிதிக்க, மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. இருக்கிற ஆறில் கிட்டத்தட்ட ஒன்று வழியிலேயே சூடாகிக் கரைந்துபோகிறது. அடுத்து எர்த் பக்கம்: பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் 0.7. இரண்டு பக்கமும் தலா 0.2-க்குள் இருந்தால்தான் எனக்குத் திருப்தி.

எர்த் கதை பழைய ஜீப்புகளுக்கே உரியது. பேட்டரி மைனஸ் சேஸிஸில் இறங்குகிறது, எஞ்சினோ ரப்பர் மௌண்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கிற பின்னல் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் போகிற கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கம்பி என்று கிடைத்த வழியில் திரும்பும். இந்த வண்டியில் பட்டை இருந்தது. ஆனால் பெயின்ட் அடித்தவர் சேஸிஸுக்கு மூன்று கோட் அடித்துவிட்டு, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார். சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை தேய்த்து, பட்டையைப் போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். ரங்கூனில் லன்மடோ பக்கத்து இரும்புக் கடைகளில் கட்டைவிரல் தடிமனில் வெல்டிங் கேபிள் கிடைத்தது. முனைகளை அழுத்தி, ஈயமும் ஊற்றிக்கொண்டேன். கால் சுவிட்சைப் பிரித்தால் உள்ளே செப்பு வட்டத் தகடு ஒரு பக்கம் கரிந்து குழிகுழியாகக் கிடந்தது. திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதுசு. மறுபடி அளந்தபோது இரண்டு பக்கமும் 0.2-க்குக் கீழே. ஸ்டார்ட்டர் சத்தமே மாறிவிட்டது. பேட்டரி பழையதுதான், ஸ்டார்ட்டரும் பழையதுதான்.

காலை வியாதியில் பாதி இதுதான் என்று அப்போதே தெரிந்தது. ஏனென்றால் செல்ஃப் இழுக்கும்போது வோல்டேஜ் நாலுக்கு இறங்கினால், பிளக்குக்கு நெருப்பு தரும் காயிலுக்குக் கிடைப்பதும் அந்த நாலுதான். மெதுவாகச் சுற்றுவதும் நெருப்பு சோகையாக இருப்பதும் ஒரே காரணத்துக்கு இரண்டு முகம்.

நெருப்புப் பக்கம் அதிக வேலையில்லை. காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பாயிண்ட்டின் முகத்தில் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். கண்டென்சர் சரியில்லை என்பதற்கு அது அடையாளம். இதற்கு வில்லிஸ் பாகம்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம், பாயிண்ட் வைத்த எந்தப் பழைய ஜப்பான் காரின் கண்டென்சரும் வேலை செய்யும், கிளாம்பைத்தான் கொஞ்சம் வளைக்கணும். பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030. எரியும் வரிசை 1-3-4-2. டைமிங் பிஸ்டன் மேல்மட்டத்துக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால். ஃபிளைவீலில் குறி வெட்டியிருக்கும், சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கணும். ஜன்னலைத் திறந்தால் அழுக்குதான் தெரியும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் குறியைத் துடைத்து, வெள்ளை பெயின்ட்டை ஒரு பொட்டு வைத்துவிட்டால் அடுத்த தடவை கண்ணைச் சுருக்க வேண்டியிருக்காது.

அடுத்தது பெட்ரோல். ஜீப்பை வடிவமைத்தவர்கள் டேங்க்கை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். பெட்ரோல் ஊற்ற சீட் மெத்தையைத் தூக்கணும், மூடி அங்கே இருக்கும். ராணுவத்துக்கு அது சரி. திங்யானில் நாலு நாள் டிரைவர் தலையில் வாளி வாளியாகக் கொட்டுகிற தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்று 1941-ல் அமெரிக்காவில் யார் யோசித்திருக்கப் போகிறார்கள்? மூடி வாஷர் காய்ந்து வெடித்துக் கிடந்தது. டேங்க் அடி பிளக்கைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கும் அடியில் செம்மண் நிறத்தில் துரு.

"போன வருஷத் திங்யான் தண்ணி, இன்னும் வச்சிருக்கீங்க பெரியப்பா" என்றான் தம்பி.

"பேசாம வேலையப் பாருடா."

டேங்க்கை இறக்கி, ஆற்றுக் கூழாங்கல் இரண்டு கை அள்ளிப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, இருவர் பிடித்து ஆட்டினோம். அலசி, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி மறுபடி அலசினோம். மூடிக்குப் புது வாஷர். பெட்ரோல் தாங்கும் ரப்பரில்தான் வெட்டணும், சைக்கிள் டியூப் நாலு வாரத்தில் ஊதிப்போகும். பெட்ரோல் பம்பின் குழாயை கார்புரேட்டர் முனையில் கழற்றி பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் தாராளமாக வந்தது. அழுத்தமும் கேஜில் இரண்டு பிஎஸ்ஐ. கையேட்டில் போட்டிருப்பது ஒன்றரையிலிருந்து இரண்டரை. இதற்கு மேல் தள்ளுகிற பம்பைப் போட்டால், கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை மூடித் திறக்கும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், பழி மறுபடி கார்புரேட்டருக்குத்தான்.

இப்போதுதான் அதற்கு வந்தோம்.

வெளியிலிருந்து பார்த்தே சிலது தெரிந்தது. சோக் கேபிளின் வெளியுறை கிளாம்பிலிருந்து நழுவியிருந்தது. டேஷ்போர்டில் குமிழை முழுக்க உள்ளே தள்ளினாலும் கார்புரேட்டரில் காற்றை அடைக்கும் சோக் தகடு கால்வாசி மூடியே நின்றது. சூட்டில் பெட்ரோல் மிகுதியாவதற்கு இது ஒன்றே பாதிக் காரணம். ஒரு ஸ்க்ரூ முறுக்கிய வேலை.

பிரித்ததும், ஃப்ளோட் என்கிற மிதவை பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் மணிகளும் வெள்ளைப் பொடியும். ஊறுகாய் ஜாடி மூடியில் உப்புப் பூக்குமே, அப்படி. தண்ணீர் தேங்கினால் துத்தநாக வார்ப்பு இப்படித்தான் அரிக்கும். அந்தப் பொடி நேராகப் போய் அடைப்பது லோ ஸ்பீடு ஜெட்டைத்தான். அதுதான் ஐடிலுக்கும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடுவதற்கும்) காலைக் குளிரில் கிளம்புவதற்கும் பெட்ரோல் கொடுக்கிற இடம். அதன் ஓட்டை தையல் ஊசியைவிடச் சிறியது. கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் அப்புறம் எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கணும். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் பம்பின் தோல் வாஷர் காய்ந்து விறைத்திருந்தது. கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம்: ஏர் ஃபில்டர் குழாயை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடாதபோது த்ராட்டிலைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் பீச்ச வேண்டும். இதில் ஒரு சொட்டுதான் வந்தது. தம்பி சென்னையிலிருந்து திரும்பும்போது புதுப்பேட்டையில் தேடி வாங்கி வந்த கிட்டில் புதுத் தோல் இருந்தது. லேசான எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துவிட்டுப் போட்டேன். காய்ந்ததை அப்படியே திணித்தால் மடங்கிக்கொள்ளும். நீடில் முனையைச் சுற்றி ஒரு வளையப் பள்ளம் விழுந்திருந்தது, நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. அதற்கும் கிட்டில் புதுசு, சீட்டும் சேர்த்து. நீடிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சீட்டை வைப்பது வீண் வேலை.

ஃப்ளோட்டில்தான் விஷயம் ஒளிந்திருந்தது. பார்க்க நன்றாக இருந்தது, நெளிவில்லை, பித்தளை பளபளப்பு. பக்கத்துத் தெரு பட்டறைக்கார பர்மியப் பெரியவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'சயா'தான், அதாவது வாத்தியார், எனக்கும். என் கையிலிருந்து ஃப்ளோட்டை வாங்கி, காதோரம் வைத்து ஆட்டினார். என்னிடம் நீட்டினார். நானும் ஆட்டினேன். உள்ளே களக் களக்கென்று மெல்லிய சத்தம். "தெரிஞ்சுதா?" என்று பர்மிய மொழியில் கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் கனமாகும், போதிய அளவு மிதக்காது, நீடிலை நேரத்துக்கு மூடாது. கிண்ணத்தில் மட்டம் எப்போதும் கூடுதலாகவே நிற்கும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, அடுப்பிலிருந்து தள்ளி வைத்த சுடுதண்ணீரில் ஃப்ளோட்டை அமுக்கணும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஓட்டை வழியாகக் குமிழி வரிசையாகக் கிளம்பும். நடு இணைப்பில், பழைய ஈயப் பற்று முடிகிற இடத்தில் வந்தது. ஆணி முனையால் கீறி அடையாளம் வைத்தேன். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது பற்றவைக்கும் இரும்பை அருகில் கொண்டு வரவே கூடாது, வெடிக்கும். எதிர்ப்பக்கம் மிகச் சின்னதாக ஒரு ஓட்டை போட்டு வடியவிட்டு, சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அமுக்கி, வாடை சுத்தமாகப் போன பிறகுதான் இரண்டு ஓட்டையையும் அடைத்தேன். ஈயம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அரை கிராம் கூடினாலும் ஃப்ளோட் கனம், வந்த வியாதியே திரும்பி வரும். மிஞ்சியதை அரத்தால் தேய்த்து எடுத்தேன். மறுபடி சுடுதண்ணீர், குமிழி இல்லை. மூடியைத் தலைகீழாகப் பிடித்து ஃப்ளோட் மட்டத்தை 3/8 அங்குலத்துக்கு வைத்தேன். அளவுகோல் தேடாதீர்கள், 3/8 டிரில் பிட்டின் தண்டு போதும். வளைப்பது சின்ன நாக்கை மட்டும். நீடிலை சீட்டில் அமுக்கி வைத்துக்கொண்டு வளைத்தால் புது நீடில் முனையிலும் பள்ளம் விழும்.

மாட்டியதும் ஐடில். கலவை ஸ்க்ரூவை மெதுவாக உட்காரவைத்து ஒரு சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்தேன். இந்தக் கார்புரேட்டரில் வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தைக் காட்டும் வாக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி, முள் உச்சத்தில் ஆடாமல் நிற்கும் இடத்தில் விட்டேன். 18 அங்குலம் காட்டியது. த்ராட்டில் ஷாஃப்ட் ஓரத்தில் கொஞ்சம் பெட்ரோல் பஞ்சால் தொட்டால் எஞ்சின் வேகம் மாறியது. அங்கே தேய்ந்து காற்று இழுக்கிறது. சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, எஞ்சின் ஆறியிருக்கும்போதே கிளப்பி உடனே பார்த்துவிட வேண்டும். புஷ் (ஷாஃப்ட் சுழலும் துளைக்குள் போடும் வளையம்) அடிக்க லேத்துக்குப் போகணும். திங்யானுக்கு முன்னால் நேரமில்லை, ஓட்டத்துக்கும் அது தடையில்லை.

காலை வியாதி தீர்ந்தது. அரைச் சோக்கில் ஒரு மிதி, பிடித்துக்கொள்ளும்.

சூட்டு வியாதி குறைந்ததே தவிர போகவில்லை. பாலம் தாண்டிப் போய்த் திரும்பி, நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து ஏர் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். எஞ்சின் நின்றிருக்கிறது, ஆனால் மெயின் நாஸிலிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டுக்குள் விழுகிறது. கிண்ணத்தில் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பக்கவாட்டு வால்வு எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றோடொன்று போல்ட் போட்டவை, அதற்கு நேர் மேலே கார்புரேட்டர். ஓடும்போது ஃபேன் காற்றும் உள்ளே வரும் பெட்ரோலும் குளிர்விக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோகும், இரும்பின் சூடு முழுக்க மேலே ஏறும். ஏப்ரல் வெயில் வேறு. இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்துப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும்.

இந்த மேனிஃபோல்டில் ஒரு தகடு உண்டு, குளிர் தேசத்தில் எக்ஸாஸ்ட் சூட்டை இன்டேக் பக்கம் திருப்பிவிடுவதற்கு. சூடானதும் அது தானாக விலக வேண்டும். இங்கே துருப்பிடித்து, சூட்டை மேலே அனுப்பும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ரங்கூன் வெயிலில் யாருக்கு அந்தச் சூடு வேண்டும்? துரு எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, மெதுவாகத் தட்டி விடுவித்து, விலகிய நிலையில் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். கார்புரேட்டருக்குக் கீழே இருந்ததோ வெறும் காகித கேஸ்கெட். பழைய ஸ்விட்ச் போர்டு பேக்கலைட் பலகையில் கால் அங்குலத் தடிமனில் ஒரு தட்டு வெட்டி, இரண்டு பக்கமும் கேஸ்கெட் வைத்துப் போட்டேன். இதைச் செய்கிறவர்கள் கவனிக்க: ஸ்டட் நீளம் போதாது, நீளமானது போடணும். கார்புரேட்டர் உயர்ந்துவிட்டதால் ஆக்ஸிலரேட்டர் ராடின் அளவும் மாறும். த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா, முழுக்க மூடுகிறதா என்று பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம். பானெட் மூடும்போது இடிக்கிறதா என்று ஒரு உருண்டை களிமண் வைத்து மூடிப் பார்த்தேன், இடிக்கவில்லை.

அப்படியும் சில நாள் நல்ல வெயிலில் முரண்டு பிடித்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது: சோக்கைத் தொடக் கூடாது, ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் பண்ணக் கூடாது, தரையோடு ஒரே அமுக்காக அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கணும். காற்று நிறையப் போய் மிஞ்சிய பெட்ரோலை வெளியேற்றியதும் பிடிக்கும். பெரியப்பா பல வருஷமாகச் செய்துவந்தது நேர் எதிர், கிளம்பாவிட்டால் சோக்கை இழுத்துப் பட் பட்டென்று மிதிப்பது. இப்போது டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "சூட்டில் சோக் இழுக்காதே." மரியாதை குறைவு என்று அவர் அதை "இழுக்காதீர்கள்" என்று பேனாவால் திருத்திவிட்டார்.

கடைசியாகத் தண்ணீர். திங்யானில் திறந்த ஜீப்பில் ஊர் சுற்றுவது என்றால் ரோட்டோர மேடைகளிலிருந்து ஹோஸ் பைப் போட்டு அடிப்பார்கள், மேலிருந்து மட்டுமில்லை, கிரில் வழியாகவும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்தால் அன்றைய ஊர்வலம் அதோடு முடிந்தது. இதற்கு ஒரு தடிமனான சமையலறை ரப்பர் கையுறை போதும். நாலு சிலிண்டருக்கு நாலு பிளக் ஒயர், காயிலிலிருந்து வருவது ஒன்று, ஆக ஐந்து. கையுறைக்கும் விரல் ஐந்து. விரல் நுனிகளைச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை நுழைத்து, மணிக்கட்டுப் பகுதியை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் இழுத்து மாட்டி, விரல் நுனிகளில் டேப் சுற்றினேன். அடியில் கொஞ்சம் இடம் விடணும், உள்ளே வியர்க்கும். ஒயர் வரிசையை மாட்டுவதற்கு முன்பே டேப்பில் எண் எழுதி ஒட்டிவிட வேண்டும், கையுறை மாட்டிய பிறகு எது எந்த விரல் என்று தெரியாது. திருவிழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள், வருஷம் முழுக்க விட்டால் சூட்டில் உருகி மூடியோடு ஒட்டும்.

திருவிழா முழுக்க வண்டி நிற்கவில்லை. டேங்க் மூடி மேல் பாலிதீன் பை போட்டு ரப்பர் பேண்டும் கட்டியிருந்தோம். நாலாம் நாள் சாயங்காலம் டேங்க் அடி பிளக்கைத் திறந்து பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம், தண்ணீர் இல்லை. பெல்ட் நனைந்து டைனமோ வழுக்கியதில் சார்ஜ் மட்டும் அவ்வப்போது விழுந்தது, பெல்ட்டை இறுக்கியதும் சரியானது.

பாக்கி இருக்கிற வேலை: த்ராட்டில் ஷாஃப்டுக்குப் புஷ், கலவை ஸ்க்ரூவை மறுபடி வைப்பது, டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் இன்னொரு ஃபில்டர். மே மாத நடுவில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் கார்புரேட்டரை லேத்துக்குக் கொண்டுபோகணும்.